அமெரிக்க முறையில் நான் தோற்ற கதை

அமெரிக்காவில் நடப்பது ஜனநாயகமே கிடையாது என்று எங்கள் ஊர்ச் சாவடி முன்னால் நின்று ஒருநாள் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வேற்று ஆண்கள் இருக்கிற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். அதுவரை ஊர்க்கூட்டத்தில் என் குரலை யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன், அதுவும் கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டைப் பற்றி. ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

ஓரகத்தி என் கணவரின் தம்பி மனைவி. எழுமலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஒரே வீட்டுக்கு இரண்டு வருஷ இடைவெளியில் மருமகள்களாக வந்தோம். நான் மூத்தவள், அவள் இளையவள். அவள் எட்டாவது வரை படித்தவள். பேச ஆரம்பித்தால் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கூடக் கயிற்றை இழுத்து நிறுத்திக் கேட்பார். அவள் மகன் மதுரையில் டாக்டருக்குப் படித்து, எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவுக்குப் போனான். என் மகன் செல்லூரில் விசைத்தறி ஓட்டினான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் செல்லூரிலிருந்து லீவுக்கு வருகிறவனைப் பார்க்க யாரும் வீட்டு வாசலில் கூடுவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மருமகளின் பிரசவத்துக்காக என் ஓரகத்தியை மகன் அங்கே கூட்டிக்கொண்டு போனான். ஆடியில் போனவள் தையில் வந்தாள். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைத் தெருப் புழுதியில் உருட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தாள். எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கு யோகத்தைப் பாரு" என்றார்கள்.

அன்று முதல் சாயங்காலமானால் மேலத்தெருவில் மகன் கட்டிக்கொடுத்த அவளுடைய மாடி வீட்டு முற்றத்தில் பெண்கள் கூட்டம். நானும் போவேன். போனால் வயிறு எரியும், போகாவிட்டால் இன்னும் எரியும். பின்வரிசையில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அங்கே இருந்த மாதங்களில் அந்த நாட்டுக்கு ஜனாதிபதித் தேர்தல் நடந்திருந்தது. பனியையும் கடைகளையும் பற்றிப் பேசி முடித்த பிறகு அவள் அந்தத் தேர்தலைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க புருசன் ஒரு கட்சி, பொண்டாட்டி ஒரு கட்சி. ஒரே கார்ல போயி எதிரெதிரா ஓட்டுப் போட்டுட்டு, அதே கார்ல திரும்பி வந்து ஒண்ணா உக்காந்து சாப்புடுறாங்க" என்றாள்.

"எங்க வீட்டு ஆளு சின்னத்தைச் சொல்லி, மறந்துருவேன்னு கையில ஒரு கிள்ளும் கிள்ளியில்ல உள்ள அனுப்புறாரு" என்றாள் ஓடைத்தெருக்காரி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அங்கே சில இடங்களில் நீதிபதியைக்கூட ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கமிட்டி, அதற்கும் ஓட்டாம். மகன் வீட்டுக்கு எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி ஊர்க்கூட்டத்தில் எழுந்து, குப்பை வண்டி ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று தலைவரையே வறுத்தெடுத்தாளாம். அந்த மனுஷர் அதைக் குனிந்து தாளில் எழுதிக்கொண்டாராம். "அதுதான்க்கா நெசமான ஜனநாயகம்" என்று கடைசியில் என்னைப் பார்த்துச் சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். அந்தக் கிழவியின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். எனக்கென்று ஊரில் ஒன்று இருந்தது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி வளர்ப்பது என் வீட்டில்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வரும். அதில் ஆட்டுப்புழுக்கையும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த பயறு வகைகளை விதைத்து, வெளிச்சம் நுழையாத அறையில் அடுக்கி, ஏழு நாள் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். இருட்டில் வளர்ந்தால்தான் முளை முழங்கை நீளத்துக்கு, சந்தன மஞ்சளாக, நிமிர்ந்து வரும். ஒருத்தி சட்டி கருகினால் அவள் வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு. அதனால் அந்த ஏழு நாளும் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய நெஞ்சும் என் வீட்டு அறைக்குள்தான் இருக்கும். நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பேன். சாயங்காலம் பெண்கள் வந்து கும்மியடித்துப் போகும்போது, "என் சட்டி எப்படித்தா இருக்கு?" என்று என்னிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்பார்கள். வருஷத்தில் அந்த ஏழு நாள்தான் என் வார்த்தைக்கு ஒரு விலை இருந்தது. அப்படிப் பதினோரு வருஷம்.

அந்த வருஷம் மாசியில் ஒரு பேச்சு கிளம்பியது. கோயிலுக்கு மின்விளக்கு போட்டுத் தருவதாக அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆகவே இனி முளைப்பாரி மாடி வீட்டில் போடுவதுதான் மரியாதை என்று தெருப் பெரியவர்கள் நினைக்கிறார்களாம். எங்கள் ஊரில் ஐந்து தெரு. தெருவுக்கு ஒரு பெரியவர். கோயில் காரியம் எதுவானாலும் அந்த ஐந்து பேர் சாவடியில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கோயில் வரிக்கும் பேச்சுக்கும் கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. புருஷன் இல்லாதவள் வீடு அரைத் தலைக்கட்டு. புருஷன் உள்ளவள் கணக்கிலேயே வரமாட்டாள்.

என் கணவரிடம் சொன்னேன். "தம்பி வீட்டுக்குத்தானே போகுது, வெளிய எங்கயும் போகலையே" என்றுவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். முளைப்பாரியைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அவளை எதிலாவது ஒன்றில் பொய்யாக்க வேண்டும் என்று மட்டும் மனசு துடித்தது.

எங்கள் வீட்டில் பால் வாங்குகிறவர் ஊர் வாத்தியார். செய்தித்தாள் படிக்கிறவர். ஒருநாள் காலையில் பாலை ஊற்றும்போது, கண்ணைப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அமெரிக்காவுல நடக்குறது நெசமாவே ஜனநாயகமா, சார்?"

அவர் பாத்திரத்தைத் தூக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு மூன்று நாள் பால் வாங்கும் நேரத்தில் நின்று நின்று சொன்னார். நானும் கையைச் சற்று தாராளமாக விட்டு ஊற்றினேன்.

அங்கே ஜனங்கள் போடுகிற ஓட்டு ஜனாதிபதிக்கு நேராகப் போய்ச் சேருவதில்லையாம். மாகாணத்துக்கு இத்தனை பேர் என்று இடையில் ஆட்கள் உண்டாம். அவர்கள் போடுகிற ஓட்டில்தான் ஜனாதிபதி வருகிறார். அநேகமாக எல்லா மாகாணத்திலும் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாகாணத்து ஆட்கள் மொத்தமும் அவர் பக்கம். அதனால் நாடு முழுக்க எண்ணினால் அதிக ஓட்டு வாங்கியவர், மாகாணக் கணக்கில் தோற்றுப் போனதும் நடந்திருக்கிறதாம். கறுப்பு ஜனங்களை ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் பல காலம் விரட்டியிருக்கிறார்களாம். அதைச் சட்டம் போட்டுத் தடுத்து இருபது வருஷம்கூட ஆகவில்லை என்றார்.

கேட்கக் கேட்க எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. யாருக்கோ நடந்த அநியாயத்தைக் கேட்டு நான் குளிர்ந்துபோனேன். இன்று எழுதும்போது கூசுகிறது.

மூன்றாம் நாள் வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். "நம்ம பிரதமரும் நீ நேராப் போட்ட ஓட்டுல வரலை, தாயி. நீ எம்.பி.க்குப் போடுற, எம்.பி.ங்க சேந்து அவரைக் கொண்டாராங்க. ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு கோணல்." அதை நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. அது எனக்குத் தேவைப்படாத பாதி.

சாவடிக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்து பெரியவர்களும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கீழே. முளைப்பாரி விஷயம் என்பதால் பெண்களும் வேப்பமரத்தடியில் கூடியிருந்தோம். மேலத்தெருப் பெரியவர் மாடி வீட்டுப் பேச்சை எடுத்ததும் பெண்கள் பக்கம் சலசலப்பு. ஓடைத்தெருக்காரிகள் முணுமுணுத்தார்கள். அப்போது என் ஓரகத்தியே முன்னால் போய் நின்றாள்.

"முளை போடுறது பொம்பளைங்க, தண்ணி தெளிக்கிறது பொம்பளைங்க, தலையில சுமக்குறதும் பொம்பளைங்க. அக்கா வீடா எங்க வீடான்னு எங்களைக் கேளுங்க. ஓட்டு வச்சுப்புடுவோம். அக்காளுக்கே கூடுதலா விழுந்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

இப்படிக் கேட்க எனக்குப் பதினோரு வருஷத்தில் தோன்றவில்லை. எனக்குச் சாதகமாகப் போகக்கூடிய ஒரு நியாயம், அதுவும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டுமா? பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களில் ஒருவர், "அமெரிக்கா போயிட்டு வந்ததும் ஆத்தா ஓட்டு ஓட்டுங்குது" என்றார். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே, "ஆமாண்ணே, அங்க எல்லாத்துக்கும் ஜனங்களைத்தான் கேக்குறாங்க" என்றாள்.

நான் எப்போது முன்னால் போனேன் என்று எனக்கே தெரியாது. குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"அங்க அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை. ஜனங்க ஓட்டை மொத்தமா எண்ண மாட்டாங்க. மாகாணம் மாகாணமாத்தான் எண்ணுவாங்க. ஒரு ஓட்டு கூடுதலா வாங்குனவனுக்கே அந்த மாகாணம் பூராவும். கூட ஓட்டு வாங்குனவன் தோத்துப் போயிருக்கான். அது என்னத்து ஜனநாயகம்?"

என் கணவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். என் ஓரகத்தியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்காக நான் எவ்வளவு நாளாக ஏங்கியிருந்தேன்!

அடுத்த கணமே மேலத்தெருப் பெரியவர் தொடையைத் தட்டினார். "மூத்தவ சொல்றது நல்ல முறையா இருக்கே. நம்ம வழக்கமும் அதுதானப்பா. தெருவுக்கு ஒரு பேச்சு. பொம்பளைங்க ஓட்டுப் போடட்டும், தெரு தெருவா எண்ணுவோம். எந்தத் தெருவுல யாருக்குக் கூடவோ அந்தத் தெரு அவங்களுக்கு. மூணு தெரு யாருக்கோ அவங்க வீட்டுல முளைப்பாரி."

நான் அதை ஏச்சாகச் சொன்னேன் என்று விளக்க வாயெடுத்தேன். குரல் வரவில்லை. இருந்த குரலை அமெரிக்காவுக்குச் செலவழித்துவிட்டேன். மற்ற நான்கு பெரியவர்களும் சரி என்றார்கள். பெண்களைக் கேட்கிற மாதிரியும் ஆயிற்று, பெரியவர்கள் கையை விட்டுப் போகாத மாதிரியும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஐந்து செப்புப்பானை வைத்து, வாயைத் துணியால் மூடி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டார்கள். எனக்கு மொச்சை, அவளுக்குத் தட்டாம்பயறு. ஒவ்வொருத்தியும் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய், தன் தெருப் பானைக்குள் ஒன்றைப் போட்டு, மற்றதை மடியில் முடிந்துகொண்டு வர வேண்டும். ஆண்கள் தூரத்தில் நின்றார்கள். கிள்ளி அனுப்ப வந்த புருஷன்மாரை ஓரகத்தி விரட்டிவிட்டாள். ஓடைத்தெருவில் அரைத் தலைக்கட்டுக்காரி ஒருத்தி, "எனக்கு அரைப் பயறா முழுப் பயறா?" என்று கேட்டாள். "முழுசாப் போடு மதினி" என்று ஓரகத்தி சொன்னதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தையும் பார்த்தேன். அதுவும் என் ஓரகத்தி கணக்கில்தான் சேர்ந்தது.

நான் மொச்சையைப் போட்டேன். எனக்கே போட்டுக்கொண்டேன்.

எண்ணினார்கள். என்னுடைய கீழத்தெருவும் ஓடைத்தெருவும் பெரிய தெருக்கள், வீடுகள் நெருக்கி இருக்கும். இரண்டிலும் மொச்சை குவிந்தது. மேலத்தெரு, நடுத்தெரு, கோயில்தெரு மூன்றும் சின்னவை. மூன்றிலும் தட்டாம்பயறு கொஞ்சம் கொஞ்சம் கூட. நடுத்தெருவில் ஒரே ஒரு பயறுதான் கூட. பெரியவர், "மூணுக்கு ரெண்டு, இளையவ வீடு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் தரையில் கிடந்த ஐந்து குவியலையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் போன பிறகு ஓடைத்தெருக்காரி மொத்தமாக எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது மொச்சை எனக்கு அதிகம்.

மறுநாள் வாத்தியாருக்குப் பால் ஊற்றும்போது நடந்ததைச் சொன்னேன். முறையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது முறைதான், ஆட்டம் முடிந்த பிறகு கோட்டை மாற்றக் கூடாது என்றார். "அந்தக் கோட்டை யாரு போட்டாங்க? எங்களைக் கேட்டா போட்டாங்க?" என்றேன். அவர் பால் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "அங்கயும் அதைக் கொஞ்சம் ஆம்பளைங்கதான் ஒரு அறைக்குள்ள உக்காந்து எழுதுனாங்க" என்றார். அந்த நாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் எனக்கு இன்றும் மறக்காதது அதுதான்.

காப்புக் கட்டிய அன்று ஊர்ச் சட்டிகள் எல்லாம் மாடி வீட்டுக்குப் போயின. நானும் என் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் வந்த மேலத்தெருச் சட்டிகள் அறையின் உள்பக்கமாகவும், கடைசியில் வந்த எங்கள் கீழத்தெரு, ஓடைத்தெருச் சட்டிகள் ஜன்னல் ஓரமாகவும் இருந்தன. அந்த ஜன்னலுக்கு மேலே காற்றுக்காகக் கண்ணாடி பதித்த திறப்பு ஒன்று உண்டு. சாயங்கால வெயில் அதன் வழியாகச் சரிந்து சட்டிகள் மேல் விழுந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவள், "எல்லாம் சரியா இருக்காக்கா? நீதான் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மூன்று நாள் அப்படியே சொன்னேன். கும்மியடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, இனி என்ன நடக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன். முளை பச்சையாகிக் குட்டையாக நிற்கும், ஊர் பேசும், அமெரிக்கா வீட்டுக்கு முளைப்பாரி வளர்க்கத் தெரியவில்லை என்பார்கள். நான்காம் நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். உள்பக்கத்துச் சட்டிகளில் முளை மஞ்சளாக நிமிர்ந்திருந்தது. ஜன்னல் ஓரத்துச் சட்டிகளில் பச்சை ஏறி, எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை வளைத்திருந்தன. எனக்கு மொச்சை போட்டவர்களின் சட்டிகள் அவை. அரைத் தலைக்கட்டுக்காரி தன் மகளுக்கு வரன் கூடிவர வேண்டும் என்று நேர்ந்து வைத்த சட்டியும் அதில் இருந்தது. வெளியே அந்தத் தாய் கும்மிப் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சாக்கு எடு, ஸ்டூல் எடு" என்றேன் ஓரகத்தியிடம். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான் ஏறி நின்றேன். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத நாளே பாத்துட்டியாக்கா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

நான் சாக்கின் ஒரு முனையைத் திறப்பின் கம்பியில் கட்டினேன்.

"உனக்குத்தான் மொச்சை கூட. எனக்கும் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் வாங்கிக்கிட்டியே."

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. பதினோரு வருசமா உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, என் சட்டி எப்படி இருக்குன்னு கேட்டவதானே நானு."

இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மறுமுனையைக் கட்டிவிட்டு இறங்கினேன். அறை இருட்டாயிற்று. வெளியே போனதும் அவள் எல்லோரிடமும், "அக்கா வந்து பாத்ததுனாலதான் தப்பிச்சோம்" என்று சத்தமாகச் சொன்னாள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு, எம்புட்டுப் பெரிய மனசு என்று அவளைப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் முளைப்பாரியைக் கரைக்கக் கண்மாய்க்கு ஊர்வலம். ஜன்னல் ஓரத்துச் சட்டிகள் ஓரளவு தேறியிருந்தன. அடிப்பாதி பச்சை, மேல்பாதி மஞ்சள், நடுவில் ஒரு வளைவு. யாரும் குறையாகச் சொல்லவில்லை, இந்த வருஷம் இரண்டு நிறமாக வந்திருக்கிறது என்று ஒரு கிழவி சந்தோஷப்பட்டாள். முளைப்பாரி வளர்த்தவள் முன்னால் போக வேண்டும் என்பது வழக்கம். ஓரகத்தி எனக்கு முன்னால் போனாள். அவள் சட்டியில் முளை நேராக, ஒரு முழத்துக்கு, சந்தனம் போல நின்றது. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. கண்மாய்க்கரை வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.